கடலால் வந்த மனிதரை எழுப்பாதே

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தாதியருக்காக என் சேவைக்காலச் சாதனைகளை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். நல்ல வேடிக்கை. முப்பது வருடம் ஊசி போட்டு, சேலைன் ஏற்றி, மாதம் முடியச் சம்பளம் எடுத்தவனுக்கு என்ன சாதனை? பிரியாவிடை அன்று பொன்னாடை போர்த்தி, ஒருவர் மாறி ஒருவர் என்னைப் புகழ்ந்து தள்ளினார்கள். கேட்கக் கேட்க, அப்படியொரு ஆளை நானும் ஒருமுறை பார்க்கவேண்டும் போல இருந்தது.

ஆகவே தம்பிமாரே, தங்கச்சிமாரே, சாதனை கிடையாது. ஒரு பிழையைச் சொல்கிறேன். புகழ்ந்தவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிரியாவிடை என்றால் அப்படித்தான், செத்த வீடு மாதிரி, நல்லதை மட்டும் பேசுவார்கள்.

தலைக்காயம் பற்றி உங்களுக்குப் படிப்பித்திருப்பார்கள். அடிபட்டவர் எழுந்து உட்கார்ந்து கதைப்பார், சிரிப்பார், தேத்தண்ணீர் கேட்பார். உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருக்கும். சில மணித்தியாலம் கழித்துத்தான் விழுவார். அதனால் அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழுப்பி, பெயர் கேட்டு, கையை உயர்த்தச் சொல்லி, கண்மணியில் டோர்ச் அடித்துப் பார்க்கவேண்டும். சோதனையில் இதை எழுதி நல்ல புள்ளி எடுத்திருப்பீர்கள். நானும் எடுத்தேன். தாளில் நாங்கள் எல்லாரும் மகா கெட்டிக்காரர்கள்.

நான் அப்போது வேலை செய்தது கற்பிட்டித் தீபகற்பக் கரையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. பெயர் எதற்கு? ஸ்கேன் கிடையாது. மூளைக்கு ஸ்கேன் எடுத்து, தேவையென்றால் மண்டையைத் திறக்கவும் ஆள் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரி மூன்று மணித்தியாலத் தூரம். எங்களிடம் இருந்ததெல்லாம் ஒரு டோர்ச்சும் எங்கள் கண்ணும்தான். அதுவே போதும். பாவிப்பவனுக்கு மூளை இருந்தால்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நான் செய்த மடைத்தனம் உங்களுக்கு விளங்காது. என் வாப்பா கடலுக்குப் போனவர். எங்கள் வீடுகளில் கடலால் வந்த மனிதரை எழுப்பக்கூடாது. விடியக் கரையேறி வந்து, சாப்பிட்டுப் படுத்தாரென்றால் அவ்வளவுதான். ரேடியோ நிற்கும், கோழியைத் துரத்திவிடுவார்கள், பிள்ளைகளை வெளியே அனுப்பிவிடுவார்கள். பள்ளியிலிருந்து மௌலவி வந்தாலும் வாசலோடு திரும்பிப் போவார். தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது மன்னாரை விட்டு உடுத்த உடுப்போடு புத்தளத்துக்கு வந்து, ஓலைக் கொட்டிலில் பத்துப் பேர் நெருக்கிக்கொண்டு இருந்த காலத்திலும் எங்கள் உம்மா இதை மட்டும் விடவில்லை. ஒருமுறை வாப்பாவை எழுப்பியதற்காக நான் வாங்கிய அடி இன்னும் முதுகில் இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

சோளகக் காற்று பலமாக வீசிய நாட்கள். காலை ஏழு மணியிருக்கும், பள்ளிவாசல்துறையிலிருந்து ஜெமீல் என்ற மீனவரைக் கொண்டுவந்தார்கள். நாற்பது வயது இருக்கும், நல்ல கட்டுமஸ்தான ஆள். அவருடைய மனைவி பரீதாவும், படகுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியும் கூட வந்தார்கள். இடது காதுக்கு மேலே காயம். காயம் தெரியாத அளவுக்குக் கோப்பித்தூளை வைத்து அமத்தியிருந்தார்கள். உங்களுக்கும் இது வரும். இந்தக் கரையில் கோப்பியைக் குடிப்பதைவிடக் காயத்தில் வைப்பதுதான் கூட.

"என்ன நடந்த?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்ல நானா" என்றார் சம்மாட்டி, அண்ணன் முறை வைத்து. "போட்டக் கரையேத்தக்குள்ள கம்பு வழுக்கித் தலையில பட்டுட்டு. ரெண்டு தையல் போட்டாச் சரி."

"மயங்கி விழுந்தாரா?"

"சே, இல்ல."

நான் ஜெமீலிடம் திரும்பினேன். "உங்களுக்கு நினைவு போனதா?"

"எனக்கு ஞாபகமில்லையே நானா" என்று அவர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். நினைவு போனவனிடமே நினைவு போனதா என்று கேட்டு, அவன் ஞாபகமில்லை என்று சொன்னதும் சரியென்று எழுதிக்கொண்டேன். இப்படிப்பட்ட புத்திசாலிக்குத்தான் பிறகு பொன்னாடை போர்த்தினார்கள்.

கோப்பித்தூளைக் கழுவி எடுக்கவே அரை மணித்தியாலம் போனது. அவ்வளவு நேரமும் பரீதாவுக்கு ஏச்சு. தையல் அழகாக வந்தது. என் தையலை டொக்டர்மாரும் மெச்சுவார்கள். வெளியே தெரிந்ததை நன்றாகத் தைத்தேன். கடமையிலிருந்த டொக்டர் வந்து பார்த்தார். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழுப்பிப் பார்க்கவும், ஏதாவது மாறினால் உடனே அறிவிக்கவும் என்று எழுதிவிட்டு, காய்ச்சல்காரர் வரிசையாக நின்ற வெளிநோயாளர் பிரிவுக்கு ஓடினார். அவர் பிழை எதுவும் இல்லை. எழுதவேண்டியதை எழுதினார். செய்யவேண்டியவன் நான்.

எட்டு மணிக்கு எழுப்பினேன். "பேர் என்ன?" "ஜெமீல்." "இது எந்த இடம்?" "ஆஸ்பத்திரி. பின்ன போட்டுக்குள்ளயா படுத்திருக்கன்?" என்று பகிடி விட்டார். கொடுத்த தேத்தண்ணீரை வாந்தி எடுத்தார். வெறும் வயிற்றில் குடித்ததால் என்று நானே காரணமும் சொல்லிக்கொண்டேன். எங்களுக்குக் காரணம் கண்டுபிடிக்கத் தெரிகிற அளவுக்கு நோய் கண்டுபிடிக்கத் தெரிந்திருந்தால் நாடு எங்கேயோ போயிருக்கும்.

எட்டரைக்குப் போனபோது ஜெமீல் நல்ல நித்திரை. பரீதா ஒரு காட்போட் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். நான் தோளில் கை வைக்கப் போனேன்.

"நானா, கொஞ்சம் படுக்க விடுங்களேன்" என்றார் அவர். "ரா முழுக்கக் கண் மூடல்ல. கடலால வந்த மனிசன்."

என் கை தானாகத் திரும்பி வந்தது. ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. முப்பது பேருக்கு முன்னால் நின்று தலைக்காயம் பற்றிப் படிப்பித்திருக்கிறேன், அந்த வாய் எங்கே போனது? உம்மாவின் வீட்டுச் சட்டம் ஒரு சொல்லில் வந்து என் படிப்பையெல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டது. கால் சத்தம் கேட்காமல் நடந்து வந்து, அவதானிப்புத் தாளில் 'நித்திரை' என்று எழுதினேன். அந்தத் தாளில் கண்ணுக்கு ஒரு கட்டம் இருக்கிறது, பேச்சுக்கு இருக்கிறது, கை காலுக்கு இருக்கிறது. நித்திரைக்குக் கட்டமே கிடையாது. நான் மூன்று கட்டத்தையும் சேர்த்து நீளமாக எழுதினேன்.

அன்று என்னோடு கடமையில் இருந்தது வேலைக்கு வந்து நாலு மாதமான ஒரு பிள்ளை. பண்டாரவளைப் பக்கம், தேயிலைத் தோட்டத்தில் பிறந்து படித்து வந்தவர். எல்லாரும் மிஸ் என்றே கூப்பிட்டோம். ஒன்பது மணிக்கு அவர் தாளைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"சேர், அவர எழுப்பிப் பாக்கலியா?"

"மிஸ், உங்கட ஊரில தேயிலதான் இருக்கு, கடல் இல்ல" என்றேன். "இந்த மனிசங்கள் இப்படித்தான் படுப்பாங்க. வந்து நாலு மாசம், எனக்குப் படிப்பிக்கிறீங்களா?"

பக்கத்தில் நின்ற சிற்றூழியர்கள் சிரித்தார்கள். அந்தப் பிள்ளையின் முகம் சுருங்கிப் போனது. மருந்து வண்டிக்குப் போய்விட்டார். நான் தாளில் இரண்டாவது 'நித்திரை'யை எழுதினேன். எனக்குச் சந்தோசம். ஒரு சின்னப் பிள்ளையை வாயடைக்கச் செய்த சந்தோசம். தூ.

ஒன்பதரைக்குக் குறட்டை வாசல் வரை கேட்டது. அதுவே அபாய மணி அடித்தது மாதிரி. மூளை அமுங்கினால் மூச்சு அப்படித்தான் வரும் என்று புத்தகத்தில் இருக்கிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா? வெயில் முகத்தில் படுகிறதென்று ஜன்னலைச் சாத்தினேன். ட்ரொலியை இழுத்துவந்தவரைச் சத்தம் போடாதே என்று கண்டித்தேன். தாலாட்டுப் பாடாத குறை. மூன்றாவது தடவையாக 'நித்திரை' என்று எழுதிவிட்டு, பாணும் சம்பலும் சாப்பிடப் போனேன்.

பத்து மணிக்கு "சேர்!" என்று ஒரு கத்தல் கேட்டது. அந்தப் பிள்ளை என்னிடம் கேட்காமலே போய் ஜெமீலை உலுக்கியிருக்கிறார். எழும்பவில்லை. வலிக்காவது அசைகிறாரா என்று விரல் நகத்தைப் பேனையால் அழுத்தியிருக்கிறார். இடது கை மட்டும் இழுத்துக்கொண்டது, வலது கை செத்த மீன் மாதிரிக் கிடந்தது. நான் ஓடிப்போய்க் கண் இமையைத் தூக்கினேன். இடது கண்மணி பெரிதாக விரிந்திருந்தது. டோர்ச் அடித்தேன், சுருங்கவில்லை.

பரீதா விசிறியைப் பிடித்தபடியே நின்றார். "என்ன நானா? எழும்புறார் இல்லையா?"

டொக்டர் ஓடி வந்தார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைப்பு எடுத்தார். அம்புலன்ஸ் சாரதியைத் தேடிப் பிடித்தோம். இந்த நேரத்தில்தான் சம்மாட்டிக்குத் திடீரென்று அறிவு வந்தது.

"கொழும்புப் பக்கமெல்லாம் கொண்டு போகத் தேவல்ல. மண்டையத் திறந்தா மனிசன் தப்பமாட்டான். டவுண்ல எனக்குத் தெரிஞ்ச நல்ல டொக்டர் ஒருத்தர் இரிக்கார். எண்ட வேன்ல கொண்டு போறன்."

"அவர் என்ன டொக்டர்?"

"சீனி வருத்தத்துக்குப் பாக்கிறவர். கைராசிக்காரர்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "மனிசன்ட மண்டைக்குள்ள ரத்தம் நிறையுது, நீங்க சீனி பாக்கிறவர்ட்ட கொண்டு போகப் போறீங்க! காலையில மயங்கினாரா இல்லையா? இப்பவாவது வாயத் திறந்து உண்மையச் சொல்லுங்க."

அவர் தலையைச் சொறிந்தார். "கரையில விழுந்து கொஞ்சம் கிடந்தார்தான். ஒரு சிகரட் பத்தி முடியிற நேரம். சொன்னா தூரத்துக்கு அனுப்பிருவீங்க எண்டுதான் சொல்லல்ல."

அனுப்பியிருப்போம். காலை ஏழரைக்கே அனுப்பியிருப்போம். அவரைப் போட்டு ஏசினேன். என்னையும் சேர்த்துத்தான் ஏசிக்கொண்டிருக்கிறேன் என்பது அந்த நேரம் எனக்கு விளங்கவில்லை.

பரீதா இடையில் வந்தார். "நானா, மெய்யச் சொல்லுங்க. தப்புவாரா?"

"இஞ்ச வச்சிருந்தா தப்பமாட்டார். அங்க போனா தெரியாது."

"அப்ப அங்க" என்றார். சம்மாட்டியின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்று அந்த வாட்டில் நேரத்துக்கு முடிவெடுத்த இரண்டு பேரில் ஒருவர் அந்தப் பிள்ளை, மற்றவர் பரீதா. நீண்ட சேவைக்காலம் உள்ள எவரும் அதில் இல்லை.

அம்புலன்ஸில் நானும் அந்தப் பிள்ளையும் போனோம். வழி முழுக்க அவர் ஜெமீலின் நாடியைப் பிடித்துக்கொண்டு, மூச்சைப் பார்த்துக்கொண்டு வந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் தயாராக நின்றார். சிங்களவர், நல்ல தமிழ் கதைத்தார். ஸ்கேனில் மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே இரத்தம் கட்டியிருந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி:

"எத்தனை மணியிலிருந்து எழும்பவில்லை?"

எனக்குத் தெரிந்ததெல்லாம் நான் எழுப்பாத நேரம்தான். "பத்து மணிக்குக் கண்டுபிடித்தோம்" என்றேன். அவர் தாளை வாங்கிப் பார்த்தார்.

"எட்டரையிலிருந்து நித்திரை என்று போட்டிருக்கிறது?"

"கடலால் வந்தவர், டொக்டர். இரவு முழுக்க..."

"கடலுக்குப் போகிறவருக்கு மூளை இல்லையா?" என்று கேட்டுவிட்டு, தாளை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போனார். அந்தப் பிள்ளைக்கு முன்னால் கேட்டார். வாட்டில் எல்லாருக்கும் முன்னால் நான் அந்தப் பிள்ளையைக் கேட்டதற்கு அது சரியாகத்தான் இருந்தது.

மண்டையைத் திறந்து இரத்தக் கட்டியை எடுத்தார்கள், ஜெமீல் உயிர் தப்பினார். வலது கை திரும்பவில்லை. பேச்சும் போய்விட்டது. இதைக் கவனமாகக் கேளுங்கள், இதில்தான் படித்தவர்களும் மடையர்களாகிறார்கள். பேச்சுப் போனால் புத்தியும் போய்விட்டது என்று நினைப்பார்கள். அவருக்கு எல்லாம் விளங்கும். கேட்பார், யோசிப்பார், கோபம் வரும். சொல் மட்டும் வாய்க்கு வராது. அதற்கென்று பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஆட்கள் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள். மாதாமாதம் வரச்சொல்லி எழுதிக் கொடுத்தார்கள்.

எங்கள் ஊரில் என் பெயர் பரவிவிட்டது. நேர்ஸ் நானா அம்புலன்ஸில் கூடவே போய் உயிரைக் காப்பாற்றினார் என்று. பரீதா ஆஸ்பத்திரி வாசலில் நின்று, "அல்லாஹ் உங்களுக்கு ரஹ்மத் செய்யட்டும் நானா" என்று அழுதார். நான் ஆமீன் சொன்னேன். வெட்கம் கெட்டவன், ஆமீன் சொன்னேன்.

அந்தப் பிள்ளை ஆறு மாதத்தில் ஊருக்கு இடமாற்றம் எடுத்துப் போனார். போகிற அன்று ஒருவாறு மன்னிப்புக் கேட்டேன். "நீங்க திட்டுனீங்கன்னு நானும் ஒரு மணித்தியாலம் சும்மா இருந்துட்டேன் சேர். ஒம்பது மணிக்கே எழுப்பியிருக்கணும். அத நெனைச்சாத்தான் கஷ்டமா இருக்கு" என்றார். ஆகவே தங்கச்சிமாரே, மூத்தவன் பல்லைக் காட்டிச் சிரித்தால் சிரிக்கட்டும். நீங்கள் போய் எழுப்புங்கள். வைத்தியசாலையில் அனுபவம் என்பது பல நேரங்களில் ஒரே பிழையைத் தைரியமாகச் செய்யப் பழகுவதுதான்.

இரண்டு வருடம் போனது. பேச்சுப் பயிற்சிக்கு ஜெமீல் வருவதே இல்லை என்று பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து எங்களுக்கு அறிவித்தார்கள். போய் விசாரிக்க வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். காப்பாற்றிய நானா அல்லவா, நானே போனேன்.

வீட்டுக்குப் பக்கத்தில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. ஜெமீல் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். வந்து போகிறவர்களெல்லாம், காது கேளாதவருக்குப் போல, "என்ன ஜெமீல், சாப்பிட்டீங்களா?" என்று கத்திவிட்டுப் போனார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் "ஓம்" என்றார். ஆமாம் என்கிற அந்த ஒரு சொல்தான் அவருக்கு வரும். பரீதா மெலிந்து, கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தார். என்னைக் கண்டதும் கதிரை போட்டு, தேத்தண்ணீர் தந்து, நான் கொண்டுபோக என்று நல்ல கட்டாக் கருவாடு ஒரு பொதி கட்டிப் பக்கத்தில் வைத்தார்.

"கிளினிக்குக்கு ஏன் போறதில்ல?" என்று கேட்டேன்.

பதில் சொன்னது ஜெமீலின் உம்மா. "போய் என்னத்துக்கு? எண்ட மகன இப்படி ஆக்கினதே இவள்தான். எழுப்ப வந்த உங்களத் தடுத்தது இவள். ஊர் முழுக்கத் தெரியும். ரெண்டு வருஷமா நான் கேட்டுக்கிட்டுத்தான் இரிக்கன், வாயத் திறக்கிறாள் இல்ல. இந்தா, நீங்களே வந்திட்டீங்க. நீங்களே சொல்லுங்க நானா, இவள் தடுத்தாளா இல்லையா?"

நான் ஊரில் நல்ல பெயரோடு திரிந்த இரண்டு வருடமும் இந்த வீட்டில் இதுதான் நடந்திருக்கிறது. எனக்கு அது தெரியாது என்று சொன்னால் பொய் ஆகாது. தெரிந்துகொள்ள ஒருநாளும் நான் வரவில்லை என்பதும் பொய் இல்லை.

பரீதா நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "மெய்யா நானா? நான் அண்டைக்கு அப்படிச் சொல்லாட்டி, இவர் இப்ப கதைப்பாரா?"

தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"நீங்க படுக்க விடச் சொன்னீங்க. இந்தக் கரையில எந்தப் பொம்பளையும் அதத்தான் சொல்லும். எண்ட உம்மாவும் சொல்லியிருப்பா. அது நித்திரையா, மயக்கமா எண்டு பாக்கத்தான் எனக்குச் சம்பளம். டொக்டர் எழுப்பச் சொல்லி எழுதியிருந்தார். கூட இருந்த மிஸ் எழுப்பச் சொல்லிச் சொன்னா, அவவுக்கு ஏசினன். எழுப்பாதது நான். மூண்டு தரம் எழுப்பல்ல. இவவுக்கு இதில ஒரு பங்கும் இல்ல."

ஜெமீலின் உம்மா வாயைப் பொத்திக்கொண்டார். ஜெமீல் இடது கையால் கதிரைப் பிடியில் ஓங்கி அடித்தார். "ஓம்!" என்றார். பிறகு தாயைப் பார்த்து, முகமெல்லாம் சிவந்து, "ஓம்! ஓம்! ஓம்!" என்று கத்தினார். அந்த மனிதர் இரண்டு வருடமாக, மனைவி மேல் பிழையில்லை என்று சொல்ல முடியாமல்தான் அந்தக் கதிரையில் இருந்திருக்கிறார். மனைவிக்கு விழுந்த ஏச்சு ஒவ்வொன்றும் அவர் காதில் விழுந்திருக்கிறது.

பரீதா அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இத அந்த ஆஸ்பத்திரி வாசல்லயே சொல்லியிருக்கலாமே நானா. நான் உங்களுக்குத் துஆ கேட்டுக்கிட்டு நிண்ட நேரம்."

அவர் என் பக்கத்திலிருந்த கருவாட்டுப் பொதியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வெகுநேரம் இருந்து பார்த்தேன், வெளியே வரவில்லை.